இரண்டு மச்சான்களுக்கு நடுவே

ஜூலை 15, திங்கள்

வானொலி நிலையத்தில் ரெஜினா மேடம் ஒரு நேயரின் குரல்பதிவை ஓடவிட்டார். மணப்பாறை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருத்தர். "கூட இருக்கவன நாங்க ஏன் மேடம் மச்சான்னு கூப்புடுறோம்? அவன் என் தங்கச்சியக் கட்டல, நான் அவன் தங்கச்சியக் கட்டல. இதுக்கு ஒரு வெளக்கம் சொல்லுங்க." பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

'சொல்லுக்குள்ளே' நிகழ்ச்சியை எழுதுவதும் நான், படிப்பதும் நான். ஐந்து நிமிடம். சுதந்திர தினத்துக்கு முன்னால் பதிவுசெய்து தந்துவிட வேண்டும் என்றார் மேடம். நிறைய நாள் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஆராய்ச்சி செய்ய நான் எங்கேயும் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே குமரகுரு அண்ணன் இருக்கிறான். "சொல்லு மச்சான்", "எங்க மச்சான்", "சாப்ட்டியா மச்சான்". மறுமுனையில் எப்போதும் அறவாழிதான். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், இப்போது துவாக்குடியில் ஒரே ஃபேப்ரிகேஷன் கம்பெனி. காலையில் ஒரே பைக்கில் போகிறார்கள், சாயங்காலம் ஒரே பைக்கில் வருகிறார்கள், வீட்டுக்குள் நுழைந்த கையோடு போனில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி என்னதான் மிச்சம் இருக்கும் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஆனி கடைசி. வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"நாளைக்கு ஆடி பொறந்துரும். அதுக்கு முன்னாடி காதுல போட்டு வெச்சிடுறேன். அறவாழி வீட்டுல உன்னக் கேக்குறாங்க."

"என்னயா? எதுக்கு?"

"எதுக்குக் கேப்பாங்க, ரேஷன் கடைல நிக்கவா? அந்தப் புள்ளைக்கு உன்மேல விருப்பமாம். கொமருதான் வந்து சொன்னான். ஆவணி ரெண்டு, ஞாயித்துக்கெழம. அன்னைக்கே பூ வெச்சிடலாம்னு அப்பா சொல்லிட்டாரு."

நாள் குறித்துவிட்டார்கள். கிழமை பார்த்துவிட்டார்கள். பூ வைத்து உறுதி செய்யப்போவது என் தலையில். அதற்குச் சொந்தக்காரியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "வெங்காயம் போதுமா?" என்று. என்மேலேயே எனக்கு வெறுப்பு.

அறவாழி பாலிடெக்னிக் காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆள். என்னிடம் இதுவரை பேசியது "தண்ணி கெடைக்குமா", "கொமரு எந்திரிச்சிட்டானா". இரண்டே வாக்கியம். விருப்பம் எப்போது வந்ததாம்? சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதா?

ஜூலை 17, புதன்

காலையில் அம்மாவிடம், "எனக்கு இது வேணாம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஆடி பொறந்தாச்சு. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது."

"வேணாம்னு சொல்றதுகூடவா?"

"அதுவும் பேச்சுதான். ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி முதல் தேதி வாயைத் திறக்கலாம். இரண்டாம் தேதி பூ வைத்துவிடுவார்கள். என் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச எனக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. இதை வேண்டுமென்றே திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

ஜூலை 19, வெள்ளி

அண்ணன் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு சட்டை. ஒன்று அவனுடையது. இன்னொன்று அறவாழியுடையது, போன வாரம் மழையில் நனைந்து வந்து இங்கே விட்டுப்போனது. அந்தச் சட்டையின் காலரைத்தான் முதலில் தேய்த்தான்.

"அண்ணா, அவருக்கு என்னைப் புடிக்கும்னு உங்கிட்ட வந்து சொன்னாரா?"

"பின்ன?"

"என்ன வார்த்தைல சொன்னாரு?"

"ஆம்பளைங்க அதெல்லாம் வெளக்கமா சொல்லிக்க மாட்டோம் பாப்பா. மச்சான் மனசு எனக்குத் தெரியாதா?"

"அவருதான் வேலை கெடச்சு புனேக்குப் போறாரே. என் வேலை என்னாவுறது?"

"அங்கயும் ரேடியோ இருக்கும்."

"மராத்தில இருக்கும்."

சிரித்தான். "நீ அங்க போனா மச்சான் வருஷத்துக்கு நாலு தடவையாவது இங்க வந்துதான் ஆகணும். தீபாவளி, பொங்கல், காது குத்து, பிரசவம். மாமனார் வீடாச்சே, வராம இருக்க முடியுமா?"

என் பிரசவம் வரைக்கும் போய்விட்டான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணம் அவனுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளலாம். தனக்கு வந்த வரன்களைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று வரிசையாகத் தட்டிக்கழித்தவன் என் கல்யாணத்துக்கு இப்படிக் குதிக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அயர்ன்பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

மாவு ஆட்டினேன். கிரைண்டர் ஓடும்போது யாரும் எதுவும் பேச முடியாது என்பது இந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

ஜூலை 26, வெள்ளி

நிகழ்ச்சிக்காக அகராதியைப் புரட்டினேன். மச்சான்: மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தவளின் கணவன், மாமன் மகன், அத்தை மகன். மைத்துனன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த மைத்துனன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அது எப்படியோ போகட்டும். சொல் மட்டும் நன்றாக ஊர் சுற்றியிருக்கிறது. பெங்களூரில் மச்சா, மலேசியாவிலும் மச்சா. இலங்கையில் சிங்களப் பையன்கள்கூட ஒருவனை ஒருவன் மச்சாங் என்கிறார்கள்.

நேயர்களிடமும் கேட்டிருந்தோம். லால்குடியிலிருந்து ஓர் அம்மா: "நான் எங்க வூட்டுக்காரர மச்சான்னுதான் கூப்புடுவேன். தெருவுல போற வர்ற தடியனுவ எல்லாம் அதே பேரச் சொல்லி அவரக் கூப்புடுறானுவ. எரிச்சலா வருது." இவரை அப்படியே நிகழ்ச்சியில் போடலாம்.

நான் எழுதிவைத்தது இது. அண்ணன் என்று கூப்பிட்டால் அவன் மேலே போய்விடுகிறான். தம்பி என்றால் கீழே வந்துவிடுகிறான். பங்காளி என்றால் சொத்தில் பங்கு, பிறகு வரப்புச் சண்டை, கோர்ட்டு. மச்சான் ஒருவனைத்தான் பக்கத்தில் சமமாக உட்காரவைத்துக் கேலி பண்ணலாம். அவன் தோளில் கை போடலாம். கோபித்துக்கொண்டு போனாலும் திரும்பி வருவான். வந்துதான் ஆக வேண்டும், பெண் கொடுத்த இடம் அல்லது எடுத்த இடம். அதனால்தான் நண்பனுக்கு அந்தப் பெயர்.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். வந்துதான் ஆக வேண்டும். இதை ஒரு வாரம் முன்னால் அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டான், கையில் அயர்ன்பாக்ஸோடு.

இன்னொன்றும் உறைத்தது. அண்ணனுக்கு நசீர் என்று ஒரு நண்பன் இருக்கிறான். நல்ல நண்பன். அவனை 'பாய்' என்பான். இன்னொரு நண்பன் டேனியலை 'ப்ரோ' என்பான். மச்சான் என்று வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒருத்தனைத்தான். அப்பாவும் கேட்டதுமே சரி என்றாரே, ஏன்? "நம்ம ஆளுங்கதானே." விசாரித்துப் பார்த்துத்தான் வாய் அந்தச் சொல்லை உருட்டியிருக்கிறது. கேட்டால் எதார்த்தமாக வந்தது என்பான். எதார்த்தமாம்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

காவிரி படி தொட்டு ஓடுகிறது. அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அம்மா பூசை முடித்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தபோது அறவாழியின் அம்மா வந்தார். சரோஜா அத்தை. தற்செயலாக வந்ததுபோல் வந்தார், கையில் எனக்கென்று தனியாக ஒரு முழம் மல்லிகை. ஆடியில் பேச்சு எடுக்கக் கூடாது. பூ எடுக்கலாம் போலிருக்கிறது.

என்னைத் தனியாகப் படியோரம் அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லிடுறேன்மா. இவனுக்கு நான் புனேயிலயே வேலை பாக்குற பொண்ணாத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கொமரு வந்து, 'அத்தை, நித்திலா மச்சானையே நெனச்சிக்கிட்டு இருக்கு, வேற எடம் பேசுனா சோறு எறங்க மாட்டேங்குது'ன்னு கண் கலங்கிட்டான். ஒரு பொண்ணு மனசு நோவ வேணாமேன்னுதான் சரின்னேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு நிமிடம் அவர் வேறு நித்திலாவைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில், அவனுக்கு என்மேல் விருப்பம் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் வீட்டில், எனக்கு அவன்மேல் விருப்பம் என்று சொல்லியிருக்கிறான். இரண்டு வீட்டிலும் நடுவில் நின்று கண் கலங்கியிருக்கிறான். எனக்கு நன்றாகச் சோறு இறங்குகிறது. இன்றைக்கும் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் ஒரு பிடி பிடித்தேன், வேண்டுமென்றே, அத்தை பார்க்கும்படியாக. அவர் அதைக் கல்யாணக் களை என்று எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை சொல்வான். கதையின் மறுபாதியிடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

அறவாழியை நிலையத்து கேன்டீனுக்கு வரச் சொன்னேன். அரை நாள் லீவு போட்டு வந்தான். டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க எங்க வீட்டுல என்னைக் கேட்டீங்களா?"

"நானா? நீங்கதானே..." என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அப்ப கொமரு சொன்னது?"

"பொய்."

டீ டம்ளரைத் தள்ளிவைத்தான். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்கு இதுல இஷ்டமா, இல்லையா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள நான் அப்படி நெனச்சதே இல்ல. மச்சானோட தங்கச்சி, அவ்வளவுதான்."

"அப்பறம் எதுக்குச் சரின்னீங்க?"

"அவன் எங்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லைங்க. மொத தடவையா ஒண்ணு கேட்டான். புனேல வேலை கெடச்சிடுச்சுன்னு நான் சொன்ன அன்னைக்கு அவன் முகத்த நீங்க பாக்கல. மூணு நாளு ஜுரமாப் படுத்துட்டான். இதுக்கும் முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"கேட்டானா? எதைக் கேட்டான்? பைக்கையா? அவன் கேக்குறதுக்கும் நீங்க சரின்னு சொல்றதுக்கும் நடுவுல ஒருத்தி இருக்கேன்னு ரெண்டு பேருக்குமே தோணலையா?"

பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவன் நல்லவன், அதனால் யாருக்கும் ஒரு உபயோகமும் இல்லை.

"நானே மச்சான்கிட்ட பக்குவமாப் பேசிடுறேன். நீங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசவில்லை. அண்ணன் விசில் அடித்துக்கொண்டு குளிக்கிறான்.

ஆகஸ்ட் 10, சனி

நகைக்கடையிலிருந்து அம்மா போனுக்கு அழைப்பு. அம்மா அடுப்படியில் இருந்ததால் நான் எடுத்தேன். "குமரகுரு சார் போன் எடுக்கல மேடம். மச்சான் மோதிரம் ரெடியா இருக்கு. வைகாசில குடுத்த ஆர்டர், அளவு கொஞ்சம் தளர்த்தச் சொல்லியிருந்தாரு."

எங்கள் பக்கம் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மண்டப வாசலில் எதிர்கொள்வது பெண்ணோடு பிறந்தவன். மாலை போட்டு, விரலில் மோதிரம் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவருவான். அதற்குப் பெயர் மச்சான் மோதிரம். அதுவரை பெண் உள்ளே அறையில் உட்கார்ந்திருப்பாள்.

வைகாசி. என் காதில் போட்டது ஆனி கடைசி நாள். பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், பையனைக் கேட்பதற்கு முன்னால், இரண்டு வீட்டிலும் பொய் சொல்வதற்கும் முன்னால் மோதிரத்துக்கு அளவு கொடுத்திருக்கிறான். அவன் விரல் அளவு இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தளர்த்தச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை இவன். தனக்கு மச்சான் பார்த்திருக்கிறான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆடியாவது அமாவாசையாவது என்று அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அண்ணன் இரண்டு பக்கமும் பொய் சொன்னதையும் சொன்னேன். அண்ணன் ஓவர்டைமில் இருந்தான்.

அம்மா முதலில் அழுதாள். பிறகு, "கொஞ்சம் முன்னப்பின்ன சொல்லியிருப்பான். நல்லதுக்குத்தானே?" என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார். "வாக்குக் குடுத்தாச்சும்மா. சபைக்கு ஆளுங்களக் கூப்பிட்டாச்சு."

"யாரு குடுத்தது?"

"உங்கண்ணன்."

"என் வாக்க அவன் எப்படிப்பா குடுப்பான்?"

"அவன் உன் கூடப் பொறந்தவன்மா."

அப்பா சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சாந்தமாகச் சொன்னார். என்னை ஆசையாக வளர்த்த மனிதர். அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும் கையில் இருந்த டம்ளரை வீசி எறிய வேண்டும்போல் இருந்தது. கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நிகழ்ச்சி பதிவு. கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன்: "மணப்பாறை நண்பரே, உங்கள் கேள்வி சரியானது. நடுவில் ஒரு பெண் இல்லாமல் இந்த உலகத்தில் எவனும் எவனுக்கும் மச்சான் ஆக முடியாது. அக்காவோ தங்கையோ ஒருத்தி இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் அவளை எடுத்துவிட்டு உறவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் அவளைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள்."

ரெஜினா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். "இது அஞ்சு நிமிஷ நிகழ்ச்சிம்மா. பட்டிமன்றம் இல்ல. கடைசி பத்திய எடுத்துடு."

"நிஜம்தானே மேடம்?"

"நிஜம்தான். ஆனா நீ படிச்சது ஆட்டோக்காரருக்குச் சொன்ன மாதிரி இல்லையே. வீட்டுல எதுவும் பிரச்னையா?"

இல்லை என்றேன். எடுத்துவிட்டோம். மீதி நாலு நிமிடம் இனிமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி 1

பேச அனுமதிக்கப்பட்ட நாள். காலையிலிருந்து வீட்டில் நிற்க இடமில்லை. வாழைக்குலை, நாற்காலி, பந்தல்காரர், பாத்திரம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கையில் எதையாவது கொடுக்கிறார்கள். சாயங்காலம் அறவாழிக்கு போன் செய்தேன். "இன்னைக்குக் கண்டிப்பாப் பேசிடுறேன்" என்றான். பின்னால் அண்ணன் குரல் கேட்டது: "யாரு மச்சான் போன்ல?"

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோபத்தில் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் தாம்பூலத் தட்டுகள். என்னை உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். கதவு இடுக்கில் அண்ணன் தெரிந்தான். அவர்கள் பக்கம் போய் அறவாழியை ஒட்டி உட்கார்ந்திருந்தான். பெரியப்பா, "டேய், நீ பொண்ணு வீடுடா, இந்தப் பக்கம் வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

அறவாழியின் தாய்மாமன் வழக்கப்படி கேட்டார். "பொண்ணக் குடுக்கச் சம்மதமா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன், "சம்மதம்" என்றான்.

இதை மூன்று முறை கேட்பார்கள். இரண்டாவது முறை கேட்டு அண்ணன் இரண்டாவது முறை சம்மதம் சொன்னபோது நான் வெளியே வந்துவிட்டேன். பாதி தலைதான் பின்னியிருந்தது. கூடத்தில் சத்தம் அடங்கியது.

நேராக அறவாழியிடம் கேட்டேன். "நீங்க எங்க வீட்டுல என்னைக் கேட்டீங்களா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பை நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அறவாழியின் கண் கலங்கிவிட்டது.

"இல்ல" என்றான்.

"நான் உங்க வீட்டுல உங்களக் கேட்டேனா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேருக்கும் சம்மதம்னு சொன்னது யாரு?"

கூடத்தில் இருந்த அத்தனை முகமும் அண்ணன் பக்கம் திரும்பிவிட்டது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. அறவாழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரோஜா அத்தைதான் முதலில் எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மல்லிகைப் பந்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இது உனக்குன்னு வாங்குனது, வெச்சுக்க" என்றார். பிறகு அண்ணனிடம் போய் மெதுவாக, "எங்கிட்ட எதுக்கு அழுத?" என்று கேட்டார். பந்தலில் இலை போட்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

அறவாழி போகும்போது வாசலில் நின்று, "மச்சான்" என்றான். அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மீந்த சாம்பாரைத் தெருவுக்கே ஊற்றிக் கொடுத்தோம். பெரியம்மா போன் செய்து, ஆடியில் பேச்சு எடுத்ததால்தான் இப்படி ஆனது என்றாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அண்ணன் வேலைக்கு பஸ்ஸில் போகிறான். பைக் நிற்கிறது. அவன் சாப்பிடுவதே இல்லை என்று அம்மா என் காதில் விழும்படி சொல்கிறாள். என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? மூன்று வேளையும் நான் சாப்பிடுகிறேன். யாராவது என்னிடம் "உனக்கு எப்படி இருக்கு" என்று கேட்டார்களா? தப்பித்தவள் நான்தான், தப்பு செய்தவளும் நான்தான் என்று ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மத்தியானம் அண்ணன் கூடத்தில் தரையில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக ஒருவருக்கொருவர் பேச்சில்லை. திடீரென்று, "இன்னைக்குக் கெளம்புறான்" என்றான்.

"தெரியும்."

"என் ஒரே ஃப்ரெண்ட இல்லாமப் பண்ணிட்ட."

இதற்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது. மடித்த துணியெல்லாம் கலைந்தது.

"நானா? நீ அவர ஃப்ரெண்டா வெச்சிருந்தா இன்னைக்கும் இருந்திருப்பாருடா. என்னக் குடுத்து வாங்கப் பார்த்த. ரெண்டு வீட்டுலயும் என் பேரச் சொல்லி அழுதிருக்க. நான் சோறு திங்கலையாமே? வெக்கமா இல்ல உனக்கு?"

எழுந்து உட்கார்ந்தான். பதிலுக்குக் கத்துவான் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"அவன் அங்க போயிடுவான் பாப்பா. யாரையாவது கட்டிப்பான். மொதல்ல தெனம் போன் பண்ணுவான், அப்பறம் வாரத்துக்கு ஒரு தடவ, அப்பறம் தீபாவளிக்கு ஒரு மெசேஜு. முறைன்னு ஒண்ணு இருந்தா, புடிக்காதவன்கூட நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறான். எனக்கு அவன் கூடவே இருக்கணும். அவ்வளவுதான். ஆம்பளைக்கு ஆம்பள அப்படி இருக்கறதுக்கு வேற என்ன முறை இருக்கு? நீதான் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்றவளாச்சே, சொல்லு."

அகராதியில் அந்தப் பக்கம் முழுக்கப் படித்தவள்தான். மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளின் கணவன், மாமன் மகன், அத்தை மகன். இவன் கேட்டது அதில் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பாவமாக இருந்தது. அதற்காக என்னைத் தூக்கிக் கொடுத்திருக்க முடியாது. இதை அவனிடமும் சொன்னேன்.

"தப்புதான்" என்றான். முதல் தடவையாகச் சொல்கிறான். கேட்டதும் கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

"அஞ்சரைக்கு வண்டி. எழுந்திரு. போய்ப் பாத்துட்டு வா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? அவங்க மாமா எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்திருப்பாரு. நீ யாருடா இங்கன்னு கேட்டா, நான் யாருன்னு சொல்றது?"

"அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். அவரக் கூப்புடு. பேரச் சொல்லிக் கூப்புடு. அவருக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அறவாழி" என்றான், சொல்லிப் பார்ப்பதுபோல. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அவனுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பைக் சாவியை எடுத்தான்.

சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. வாசல்வரை போய் என்னைத் திரும்பிப் பார்த்தான். பட்டனைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இன்னும் மனசு வரவில்லை.